சிறு துளி போதும், பெரு வெள்ளம் வேண்டாம்!

நவம்பர் மாசத்தில் குன்னூர் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்வது உடனே புரியும். பெட்ஃபோர்டு பக்கம் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். மழை இல்லை. எதிரே வந்துகொண்டிருந்த ஜீப் திடீரென்று காணாமல் போகும். அதன் ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக மிதந்து வரும். பத்து நிமிஷம் நடந்து ஒரு டீக்கடைக்குள் நுழைந்தால் ஸ்வெட்டர் முழுக்க ஈரம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். மேலே ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனாலும் நனைந்துவிட்டீர்கள்!

‘‘இந்த மிஸ்ட்டு இருக்கே தம்பி... இதை வச்சு நாங்க தீயணைச்சிருக்கோம்’’ என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜினீயர். சீஃப் இன்ஜினீயராக ரிட்டயர் ஆனவர். ‘இன்ஜின் ரூம் சூட்டுக்கும் தூத்துக்குடி வெயிலுக்கும் சேத்து ஒரு கும்பிடு’ என்று சொல்லிவிட்டுக் குன்னூரில் வந்து உட்கார்ந்துவிட்டார். கப்பல்காரருக்கு மலையில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பக்கத்திலேயே வெலிங்டன். முப்படை அதிகாரிகளும் வந்து படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், கப்பல் பேச்சுக்குக் குறைவே இல்லாத ஊர் இது.

நான் அவரைப் பார்க்கப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்கா மகன் மரீன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கப்பல் ஏறக் காத்திருந்தான். ஏறுவதற்கு முன்னால் தீயணைப்புப் பயிற்சி கட்டாயம். புகை அடைத்த அறைக்குள் முகமூடி மாட்டித் தவழவிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. ‘‘ஏண்டா, சுத்தி அத்தனை தண்ணி கிடக்கு. கப்பல்ல தீப்பிடிச்சா மொண்டு ஊத்த வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குப் பிள்ளையைப் புகையில போட்டு வாட்டுறாங்க?’’ என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதை அப்படியே கொண்டுபோய் அண்ணாச்சியிடம் இறக்கி வைத்தேன்.

அவர் சிரித்தார். ‘‘அந்தத் தண்ணிதான் தம்பி எங்களுக்குப் பயமே.’’

எழுந்துபோய்த் தோட்டத்துக் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸைத் திறந்தார். தண்ணீர் நேராகப் போய் ரோஜாத் தொட்டி மண்ணைக் குழி பறித்தது. ‘‘இது ஜெட்.’’ கட்டை விரலால் வாயைப் பாதி அடைத்தார். தண்ணீர் விசிறி மாதிரி விரிந்தது. ‘‘இது ஸ்ப்ரே.’’ இன்னும் கொஞ்சம் அழுத்தினார். குடை மாதிரி அகலமாக விரிந்து, பொடிப் பொடியாகி, எங்கள் முகத்திலேயே வந்து அடித்தது. ‘‘இது ஃபாக். கப்பல் ஹோஸ் முனையில இருக்க நாஸிலைத் திருப்பினா இது மூணும் வரும். எப்ப எதைத் திருப்பணும்கிறதைத்தான் உங்க மாப்பிள்ளைக்குச் சொல்லித் தராங்க.’’

நாமாக இருந்தால் ஜெட்டைத்தான் திருப்புவோம், இல்லையா? தீ என்றதும் மனசு கேட்பது அதிகத் தண்ணீர், வேகமான தண்ணீர். ஊரில் வைக்கோல்போர் எரிந்தால் குடம் குடமாகக் கொட்டிப் பழகிய கை. ஊரில் கொட்டலாம். தண்ணீர் தெருவில் ஓடி, சாக்கடையில் விழுந்து, எங்கோ போய்விடும். கப்பலில் எங்கே போகும்?

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். கப்பலுக்குள் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் வரவில் ஏறும் ஒரு கிலோ. அதை இறைத்து வெளியேற்றினால்தான் செலவு எழுத முடியும். பம்ப் ஓடவில்லை என்றால் செலவுப் பக்கம் காலி. ஒரு சாதாரண 12 மில்லிமீட்டர் நாஸிலில், நல்ல அழுத்தத்தில், நிமிஷத்துக்குச் சுமார் 200 லிட்டர் வரும். ஒரு மணி நேரத்துக்கு 12 டன். ஐந்து ஹோஸ் பிடித்தால் 60 டன். அதுவும் பல சமயம் டெக்குக்கு மேலே, உயரத்தில் போய்ச் சேருகிற 60 டன்.

பாரம் மட்டும்தான் என்றால்கூடச் சமாளிக்கலாம். ஆரத்தித் தட்டு ஏந்திப் பழக்கம் உண்டா? தட்டு கொஞ்சம் சாய்ந்தால் போதும். தண்ணீர் முழுக்கச் சாய்ந்த பக்கமே ஓடும். ஓடி, அந்தப் பக்கத்தை இன்னும் அழுத்தும். கை நடுங்கினால் புடவையில் சிவப்பு. கப்பலின் தளத்தில் தேங்கிய தண்ணீரும் இதையேதான் செய்கிறது. சாய்கிற பக்கம் ஓடி, சாய்வைக் கூட்டி, கூடிய சாய்வில் மறுபடி ஓடி...

1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நடந்தது அதுதான். ‘நார்மண்டி’ என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய, மிக அழகான கப்பல்களில் ஒன்று. அதைப் போர் வீரர்களை ஏற்றிச் செல்கிற கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரும்பு அறுக்கிற வேலை. தீப்பொறி பறந்து லைஃப் ஜாக்கெட் குவியலில் விழுந்தது. கரையிலிருந்தும் தீயணைப்புப் படகுகளிலிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளினார்கள். ராத்திரிக்குள் தீ அடங்கிவிட்டது. ஆனால், தண்ணீர் மேல்தளங்களில் ஒரு பக்கமாகத் தேங்கிவிட்டது. விடிவதற்கு முன்னால், கட்டிவைத்த இடத்திலேயே கப்பல் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. தீயிடமிருந்து தப்பி, தீயணைப்பிடம் மாட்டிக்கொண்ட கப்பல் அது.

பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜூலை 21 மாலை. மும்பை கடற்படைத் தளத்தில் பராமரிப்பில் இருந்த ‘ஐ.என்.எஸ். பிரம்மபுத்ரா’ போர்க்கப்பலில் தீப்பிடித்தது. மறுநாள் காலைக்குள் தீயைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். மத்தியானம் கப்பல் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. நிமிர்த்த எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. ஒரு மாலுமியின் உயிரும் போனது.

சரி, குறைந்த தண்ணீரில் நிறைய வேலை எப்படி வாங்குவது?

அடுப்பில் கெட்டிலை வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர். கொதி வர ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். அதே தீயில் அப்படியே மறந்துவிட்டு டி.வி. பார்க்கப் போனால், முழுக்க வற்றிக் கெட்டில் கருக எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரத்துக்கு மேல். கணக்கு இதுதான். 20 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 80 கிலோ கலோரி. அந்த 100 டிகிரித் தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி. கிட்டத்தட்ட ஏழு மடங்கு! (குன்னூரில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். பருப்பு வேகாததற்குக் குக்கரைத் திட்ட வேண்டாம்.)

ஆக, தண்ணீர் தீயை நனைத்து அணைப்பதைவிட, ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஜெட்டாக அடித்த தண்ணீரில் பெரும் பகுதி தீயைத் தொட்டுவிட்டு, வெந்நீராக மட்டும் ஆகி, தரையில் ஓடிவிடும். எண்பதைச் சம்பாதித்துவிட்டு ஐநூற்று நாற்பதைக் கோட்டை விடுகிற வியாபாரம். ஓடினது கப்பலுக்குப் பாரம் வேறு.

உடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே உருண்டையாக நினைத்துக்கொண்டால் அதன் மேல்பரப்பு அரைச் சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் எல்லாத் துளிகளின் மேல்பரப்பும் சேர்ந்து 65 சதுர அடி. அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் துளிகளாக, ஏறக்குறைய 190 கோடித் துளிகளாக உடைத்தால் சுமார் 645 சதுர அடி. சென்னையில் ஒரு சின்ன ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்! ஒரு பாட்டில் தண்ணீருக்குள் ஒரு ஃப்ளாட் சுருட்டி வைத்திருக்கிறது. அத்தனை பரப்பிலும் சூடு ஏறினால் ஆவியாவதற்குக் கண்ணிமைக்கிற நேரம் போதும்.

ஆவியானால் தண்ணீர் சுமார் 1,700 மடங்கு பெருகும். இதற்கு நீலகிரியில் சாட்சி தேட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மூச்சு வாங்கிக்கொண்டு ரயிலைத் தள்ளிவருவது அந்தப் பெருக்கம்தான். எரிகிற அறைக்குள் அந்த நீராவி நிரம்பும்போது, காற்றை ஒதுக்கித் தள்ளித் தீயின் மூச்சையும் பிடிக்கிறது.

ரயில் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மலை ரயிலில் எண்ணெய் எரிக்கிற நீராவி இன்ஜின்கள் ஓடுகின்றன. எண்ணெயை அப்படியே ஊற்றிப் பற்றவைத்தால் ஒழுங்காக எரியாது. நீராவியால் பீய்ச்சி, பொடித் துளியாக்கி, உலைக்குள் தூவினால்தான் ஜோராக எரியும். காரணம் அதேதான், மேல்பரப்பு. துளியை உடைத்தால் எண்ணெய் நன்றாக எரிகிறது, தண்ணீர் நன்றாக அணைக்கிறது. கப்பல் இன்ஜின் ரூமில் இந்த இரண்டும்தான் மோதிக்கொள்கின்றன. அங்கே தீ தொடங்குகிற வழிகளில் முக்கியமானது, அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடுகிற குழாயில் விழுகிற ஊசித் துளை. எண்ணெய் மூடுபனி மாதிரி பீறிட்டு, பக்கத்தில் தகிக்கிற புகைபோக்கிக் குழாயில் படும். அவ்வளவுதான். அதனால்தான் அந்த எண்ணெய்க் குழாய்க்கு மேல் இன்னொரு குழாய் உறை போட வேண்டும், 220 டிகிரிக்கு மேல் சூடாகிற பரப்பை மூடிவைக்க வேண்டும் என்றெல்லாம் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஹோஸ் முனையிலும் ஜெட், ஸ்ப்ரே இரண்டும் வருகிற நாஸில், மூடுகிற வசதியோடு இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

அண்ணாச்சி சந்தித்த தீயும் எண்ணெய்த் தீதான். எண்பதுகளின் கடைசியில். கப்பல் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது அவர் தேர்ட் இன்ஜினீயர். ராத்திரி 12 முதல் 4 வரை அவருடைய டியூட்டி. அரபிக்கடல் நடுவே, இரண்டரை மணிக்கு, பியூரிஃபையர் ரூமில் தீ. பியூரிஃபையர் என்பது எரிபொருள் எண்ணெயைச் சூடாக்கி, சுழற்றி, அழுக்கும் தண்ணீரும் பிரிக்கிற மெஷின். எண்ணெய் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அது கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘‘கரையில தீன்னா 101-க்கு போன் போடுவாங்க. எங்களுக்கு யாரு வருவா? நாங்கதான் ஃபயர் சர்வீஸ், நாங்கதான் ஆஸ்பத்திரி’’ என்றார்.

முதுகில் காற்று சிலிண்டர். அரை மணி நேரக் காற்று என்று எழுதியிருக்கும். பயத்தில் மூச்சு வாங்கினால் இருபது நிமிஷம்தான். முன்னால் நாஸிலோடு அண்ணாச்சி. பின்னால் ஹோஸைத் தாங்கிக்கொண்டு ஒரு ஃபிட்டர். அவருக்கும் பின்னால், ஹோஸ் சிக்காமல் விட்டுக்கொடுக்க, கப்பலுக்கு வந்து மூன்று மாசம்கூட ஆகாத ஒரு ட்ரெய்னிப் பையன். கதவில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றதாம். முதலில் கதவுக்கே ஸ்ப்ரே. அது ‘சுர்’ரென்று ஆவியானால் உள்ளே எவ்வளவு சூடு என்பது தெரிந்துவிடும். பிறகு ஒதுங்கி நின்று, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, குனிந்து உள்ளே.

‘‘நின்னா தலை வெந்துரும் தம்பி. சூடு பூராவும் மேலதான். தரையோட தரையா தவழணும். ஃபாக்கை அகலமா திறந்து குடை மாதிரி முன்னால பிடிச்சுக்கிட்டா, அந்தப் பக்கம் தீ, இந்தப் பக்கம் நாம. நடுவுல தண்ணித் திரை. மூஞ்சியில சூடு அடிக்காது. அந்தத் திரை இல்லேன்னா ரெண்டு அடிகூட உள்ள போயிருக்க மாட்டோம்.’’

மேல்கூரைப் பக்கம் சின்னச் சின்ன வீச்சாகத் தூவிச் சூட்டைக் குறைத்துக்கொண்டு, தீயின் அடிப்பக்கம் நெருங்கினார்கள். அணைந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, மேல் பிளாட்ஃபார்மிலிருந்து இன்னொரு ஹோஸ் பிடித்த ஆள் பதற்றத்தில் ஜெட்டைத் திறந்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால், ஜெட் விழுந்த இடத்தில் எரிகிற எண்ணெய் சிதறியது. எண்ணெய் தண்ணீரில் மிதக்குமே! ஓடுகிற தண்ணீர் மேல் ஏறிக்கொண்டு, தீ இவர்கள் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

‘‘அப்ப திரும்பி ஓடினா செத்தோம். முதுகைக் காட்டக் கூடாது, நாஸிலை மூடக் கூடாது. முழுசா அகலத்துக்குத் திருப்பிட்டு, தவழ்ந்தபடியே பின்னால பின்னால வந்தோம். அந்தப் பையன் ஹோஸை இழுத்துக்கிட்டே இருக்கான். அவன் கைவிட்டிருந்தா ஹோஸ் சிக்கியிருக்கும்.’’

வெளியே வந்து கதவை அடைத்தார்கள். எண்ணெய் வால்வுகளை மூடி, காற்று வருகிற வழிகளை எல்லாம் அடைத்து, இன்ஜின் ரூமில் கார்பன் டை ஆக்சைடு திறந்துவிட முடிவு. அதற்கு முன் தலை எண்ண வேண்டும். உள்ளே ஒருத்தர் இருந்தாலும் அந்த வாயு அவரைக் கொன்றுவிடும். எண்ணினால் ஒரு தலை குறைகிறது. பையனைக் காணோம்! மறுபடி எண்ணுகிறார்கள். கேப்டன் வால்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். கீழே தீ வளர்கிறது. இரண்டு நிமிஷம்தான் என்கிறார் அண்ணாச்சி. ஆனால், அதைச் சொல்லும்போது இப்போதும் ஹோஸை நிறுத்திவிட்டு நின்றார். பையன் பின்பக்க டெக்கில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

வாயு திறந்தார்கள். தீ அணைந்தது. மறுநாள் வரை யாரையும் கதவைத் திறக்க விடவில்லை. இரும்பு ஆறுவதற்குள் திறந்தால் காற்றைக் குடித்து மறுபடி எரியும்.

நீங்கள் கேட்கலாம், அப்படியென்றால் ஃபாக் தீயை அணைக்கவே இல்லையே என்று. நானும் கேட்டேன். ‘‘தீயை அணைக்கலை. எங்களை வெளிய கொண்டாந்துச்சு’’ என்றார். எனக்கு இந்தப் பதில் அவருடைய முதல் வசனத்தைவிடப் பிடித்திருந்தது.

இந்த வித்தையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் லாயிட் லேமன் என்ற அமெரிக்கர். பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊரின் தீயணைப்புத் தலைவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தீயணைப்புப் பள்ளியில் கப்பல் இன்ஜின் ரூம் எண்ணெய்த் தீயை வைத்துப் பரிசோதனைகள் செய்தார். ஆட்களை உள்ளே அனுப்பாமல், எல்லாத் திறப்பையும் அடைத்துவிட்டு, ஒரு துவாரம் வழியாகத் தண்ணீர்ப் பொடியைச் செலுத்தினார். நீராவி நிரம்பித் தீ அடங்கியது. போர் முடிந்து, 1950-ல் தீயணைப்புக்காரர்கள் மாநாட்டில் அவர் படித்த கட்டுரைக்குத் தலைப்பு, ‘சின்னச் சின்னத் தண்ணீர்த் துளிகள்’. நம் ஊர் ‘சிறு துளி பெரு வெள்ளம்’ சேமிக்கச் சொல்கிற பழமொழி. லேமனுடைய சிறு துளி, வெள்ளம் வராமல் காப்பதற்கு.

‘ஆட்களை உள்ளே அனுப்பாமல்’ என்று மேலே எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். அதைப் படிக்காமல் விட்டு வெந்தவர்கள் உண்டு. அடைத்த அறையில், சூடான மேல்கூரைக்கு அகலமான ஃபாக்கை அள்ளி வீசினால் அத்தனையும் நீராவி. 1,700 மடங்கு பெருகி, போக வழியில்லாமல், நாஸில் பிடித்திருக்கிற ஆள் மேலேயே திரும்பும். இட்லிப் பானை மூடியை அவசரமாகத் திறந்து கை சுட்டுக்கொண்டதில்லையா? அதுபோல, ஆள் முழுக்க. எனவே உள்ளே ஆள் போனால் சூடு வெளியேற எதிர்ப்பக்கம் வழி வேண்டும், வீச்சு சின்னதாக வேண்டும். ஃபாக்குக்குத் தூரமும் போகாது. காற்றடித்தால் திசை மாறிவிடும். தூரத்திலிருந்து அடிக்க, மரக்கட்டை, பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே கனன்றுகொண்டிருக்கிற சரக்கைக் குடைந்து நனைக்க, ஜெட்தான் வேண்டும். மூன்றையும் ஒரே நாஸிலில் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கப்பலே பார்க்காதவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. வீட்டில் வடை சுடும்போது வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், அங்கே ஒரே நொடியில் 1,700 மடங்காகி, எரிகிற எண்ணெயைக் கூரைக்குத் தூக்கி எறியும். ஃபாக் நாஸில் உங்கள் வீட்டில் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய தட்டாலோ மூடியாலோ மூடுங்கள். ஆறுகிற வரை திறக்காதீர்கள். அண்ணாச்சி இன்ஜின் ரூமைத் திறக்காத மாதிரி.

எண்ணெய்த் தீயும் பக்கெட் தண்ணீரும் எவ்வளவு பொருந்தாதவை என்பதைக் குன்னூரும் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பர் 8. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. மூடுபனி நாள் அது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த குடத்தையும் பக்கெட்டையும்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விமான எரிபொருள் தீக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஊற்றினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கத் தங்கள் கம்பளிகளைக் கொடுத்தார்கள். ராணுவம் பிறகு அந்தக் கிராமத்துக்கே வந்து நன்றி சொன்னது.

மறுபடி கடலுக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 3. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப்புக்கு வந்துகொண்டிருந்த ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலில் தீ. இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால். இன்ஜின் ரூமில் பிடித்த தீ. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார், மற்ற 22 பேரும் மீட்கப்பட்டார்கள். உள்ளே இருந்தது சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய். அதில் தீ தொற்றியிருந்தால் அந்தக் கரையோரம் முழுக்க மீன்பிடித்து வாழ்கிறவர்கள் கதை முடிந்திருக்கும்.

இலங்கைக் கடற்படை, இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்கள், இழுவைப் படகுகள் எல்லாம் சேர்ந்து போராடின. நுரையும் தண்ணீருமாக நாள் கணக்கில் அடித்தார்கள். டி.வி.யில் பார்த்த நமக்கு, எரிகிற பின்பக்கத்தை அணைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த மாதிரித் தீயில் பாதி வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தீக்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் நடுவில் இருக்கிற இரும்புச் சுவரைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பது. சுவரைத் தாண்டிச் சூடு போகாமல், அதன் மேல் தண்ணீரை இடைவிடாமல் படரவிடுவது. ‘எல்லையைக் குளிர்விப்பது’ என்பார்கள். பார்க்கச் சுவாரசியமே இல்லாத வேலை. தீ அணைந்ததாக அறிவித்து, ஒரு நாளில் மறுபடி பற்றிக்கொண்டு, மறுபடி அணைத்தார்கள். கச்சா எண்ணெய் கடைசிவரை பற்றவில்லை.

கன்டெய்னர் கப்பல்களில் பிரச்னை வேறு. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் எரிகிற தீயை வெளியே நின்று எப்படி அணைப்பது? ஜெட் அடித்தால் பெட்டி குளிக்கும், தீ உள்ளே பத்திரமாக இருக்கும். இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நீளமான இரும்புக் குழாய், முனை கூராக இருக்கும். பெட்டிச் சுவரைத் துளைத்து உள்ளே செருகி, ஊசி போடுவது மாதிரி, மூடுபனியைப் பெட்டிக்குள்ளேயே செலுத்தலாம். 2016 ஜனவரி 1 முதல் கட்டப்படுகிற, டெக்கில் கன்டெய்னர் ஏற்றுகிற கப்பல்களில் இது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு ஒன்று போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். அதுவும் ஏழாவது அடுக்கில் இருக்கிற பெட்டிக்கு யார் ஏறிக் குத்துவது?

இன்ஜின் ரூம் விஷயத்தில் விதிகள் பரவாயில்லை. 2002 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட பெரிய கப்பல்களில், இன்ஜின், பாய்லர், பியூரிஃபையர் மாதிரியான ஆபத்தான இடங்களுக்கு நேர் மேலேயே தண்ணீர் தூவுகிற நிலையான அமைப்பு வந்துவிட்டது. ஆள் தவழ்ந்து போகிறவரை காத்திருக்காமல், அங்கேயே தொடங்கிவிடும். அண்ணாச்சிக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ‘‘எங்க காலத்துல இது இருந்திருந்தா அந்தப் பையன் வாந்தி எடுத்திருக்க மாட்டான்.’’

அக்காவுக்கு இதில் எவ்வளவு சொல்வது என்று யோசித்தேன். ஆரத்தித் தட்டை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘‘அப்ப அந்தப் புகை ரூமுக்கு ரெண்டு தடவை போயிட்டு வரட்டும்’’ என்றாள்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குப் பெரும்பாலும் சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, டி.வி.யில் பட்டிமன்றம். 1944-ல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. வெடிமருந்தையும் பஞ்சு மூட்டைகளையும் ஒரே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பஞ்சில் தீ. அடர்ந்த புகையில் தீ எங்கே இருக்கிறது என்பதையே கண்டுபிடிக்க முடியாமல் 900 டன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். அந்தத் தண்ணீர் கப்பலுக்குள் கொதித்ததே தவிர, தீ அணையவில்லை. மாலை நாலு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. துறைமுகமும் பக்கத்துத் தெருக்களும் போயின. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதில் 66 பேர், ஹோஸைக் கையில் பிடித்தபடி நின்ற தீயணைப்பு வீரர்கள்.

அந்த நாளைத்தான் நாடு முழுக்கத் தீயணைப்புப் படையினர் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் பல ஊர்களில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் நடத்துவார்கள். உங்கள் ஊரில் நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெட் அடித்துக் காட்டியதும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ‘நாஸிலைத் திருப்பி ஃபாக் காட்டுங்க சார்’ என்று கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்கள். முதுகுப்பக்கம் வெயில் இருக்கிற மாதிரி நின்றுகொண்டால் வானவில்லும் தெரியும்.